ஆடுகள் குட்டி போட்டால்?

ஆடு புலி ஆட்டத்தில் ஆடுகள் குட்டி போடுவதில்லை. புலிகளுக்குப் பசிப்பதும் இல்லை. மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். புலி தாண்டி வெட்டும், இல்லையென்றால் நகர வழியின்றி அடைபடும். கோயில் மண்டபத் தரையில் கொத்தியிருக்கும் கோடுகளின்மேல் தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் மூளையைத் தீட்டியிருக்கிறார்கள். ஆனாலும் அந்த ஆட்டம் காட்டைப் பற்றி எதுவும் சொல்லித் தராது. புலி, ஆடு என்பவை அங்கே வெறும் பெயர்கள்தான்.

விதியைக் கொஞ்சம் மாற்றுவோம். மேய்ச்சல் கிடைத்த ஆடு குட்டி போடும். இரை கிடைக்காத புலி சாகும். இப்போது ஆட்டம் எங்கே போய் நிற்கும்? பலரும் சட்டென்று சொல்லும் பதில்: கொஞ்ச நேரம் ஏறி இறங்கி, பிறகு இரண்டும் சரியான ஓர் எண்ணிக்கையில் நின்றுவிடும். ‘இயற்கையின் சமநிலை’ என்று பள்ளியில் படித்தது மனத்தில் அப்படித்தான் பதிந்திருக்கிறது. அது உண்மையா என்று பார்க்கக் கணிதம் வேண்டாம், கணினியும் வேண்டாம். நாற்பது பிள்ளைகளும் ஒரு மைதானமும் ஒரு சாக்கட்டியும் போதும்.

அமெரிக்காவில் ‘புராஜெக்ட் வைல்ட்’ என்ற காட்டுயிர்க் கல்வித் திட்டம் 1980களிலிருந்து ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. பெயர் ‘ஓ டீர்’. பத்துப் பிள்ளைகள் மான்கள். மீதி முப்பது பேர் காடு, அதாவது உணவு, தண்ணீர், ஒதுங்கிடம். இரு தரப்பும் எதிரெதிர் கோடுகளில் முதுகைக் காட்டி நிற்கும். ஒவ்வொரு மானும் தனக்கு இந்தச் சுற்றில் எது தேவை என்று தீர்மானித்துச் சைகை வைக்கும்: உணவென்றால் வயிற்றில் கை, தண்ணீரென்றால் வாயில் கை, ஒதுங்கிடமென்றால் தலைமேல் கை. காட்டுப் பிள்ளைகளும் தாங்கள் எது என்று முடிவுசெய்து அதே சைகைகளில் ஒன்றை வைப்பார்கள். ‘திரும்பு’ என்றதும் மான்கள் ஓடிப்போய்த் தங்கள் சைகைக்குப் பொருந்தும் ஒருவரைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். பிடிபட்டவர் அடுத்த சுற்றில் மானாகிவிடுவார், ஏனென்றால் நன்றாகத் தின்று குடித்த மான் குட்டி போட்டுவிட்டது. எதுவும் கிடைக்காத மான் செத்துக் காட்டோடு சேர்ந்துகொள்ளும். சுற்று முடிந்ததும் மான்களின் எண்ணிக்கையைப் பலகையில் குறிக்க வேண்டும். விதி இவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் சுற்றில் பத்து மான்கள், முப்பது காடு. எல்லோருக்கும் கிடைக்கும். இருபது மான்கள் ஆகிவிட்டன. அடுத்த சுற்றில் இருபதுக்கு இருபது. பதினான்கு மான்களுக்குத் தேவையானது கிடைத்து ஆறு மான்கள் சாகின்றன என்று வைத்துக்கொண்டால், மான்கள் 28, காடு 12. மைதானம் முழுக்க மான்கள், ஒரே கும்மாளம். மூன்றாவது சுற்றில் 28 மான்கள் பன்னிரண்டு பேரை நோக்கி ஓடுகின்றன. எட்டுக்குத்தான் பொருத்தம் கிடைக்கிறது. இருபது மான்கள் ஒரே சுற்றில் சாகின்றன. பிழைத்தவை எட்டு, குட்டிகள் எட்டு, ஆக 16. காடு மறுபடி செழிக்கிறது, அடுத்த சுற்றில் மான்கள் மறுபடி பெருகுகின்றன. பதினைந்து சுற்றுக்குப் பிறகு புள்ளிகளை இணைத்தால் ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகும் கோடுதான் கிடைக்கும்.

இந்த ஏற்ற இறக்கத்தை யாரும் திட்டமிடவில்லை என்பது முக்கியம். எந்தப் பிள்ளையும் தவறாக ஆடவில்லை, பேராசைப்படவுமில்லை. பெருகியதே பஞ்சத்துக்குக் காரணமாகிறது, பஞ்சமே அடுத்த பெருக்கத்துக்குக் காரணமாகிறது. விளைவு திரும்பி வந்து காரணத்தின் மேலேயே வேலை செய்வதைப் பின்னூட்டம் என்கிறார்கள். அந்தப் பின்னூட்டம் ஒரு சுற்று தாமதமாக வருகிறது. காட்டில் எவ்வளவு மிச்சம் என்பது மானுக்கு ஓடிப்போய்ப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. அதற்குள் குட்டிகள் பிறந்துவிட்டன. ஒரு நிலம் எத்தனை உயிர்களைத் தொடர்ந்து காப்பாற்ற முடியுமோ அந்த அளவைத் தாங்குதிறன் என்று சொல்வார்கள். பாடப்புத்தகத்தில் அது ஒரு நேர்கோடு. மைதானத்திலோ கூட்டம் அதைத் தாண்டி ஓடிப் பிறகு அதற்குக் கீழே விழுகிறது.

விளையாட்டில் இப்படி ஆகிறது என்பதால் காட்டிலும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. காட்டில் இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? முதல் தடயம் கணக்குப் புத்தகங்களில் இருந்தது. கனடாவில் ஹட்சன் பே நிறுவனம் 19ஆம் நூற்றாண்டு முழுக்க வேடர்களிடமிருந்து விலங்குத் தோல் வாங்கி வரவு எழுதிவைத்தது. ஆங்கிலேய விலங்கியலாளர் சார்லஸ் எல்டன் அந்த ஏடுகளைப் புரட்டியபோது, லின்க்ஸ் என்னும் காட்டுப்பூனையின் தோல்வரவு ஏறக்குறைய பத்து ஆண்டுக்கு ஒருமுறை உச்சத்துக்குப் போய் விழுவதைக் கண்டார். லின்க்ஸ் பிடித்துத் தின்பது பனிப்பிரதேச முயலை. முயலும் அதே தாளத்தில் பெருகிச் சரிந்தது.

முயல் சரிவதற்குக் காரணம் உணவுத் தட்டுப்பாடா, லின்க்ஸா? இதற்கு விடை தேடி கனடாவின் யூகான் பகுதியில் சார்லஸ் கிரெப்ஸ் குழுவினர் 1986இல் தொடங்கிப் பத்தாண்டு செலவிட்டார்கள். ஒவ்வொன்றும் ஒரு சதுர கிலோமீட்டர் அளவில் காட்டைப் பிரித்தார்கள். ஓரிடத்தில் முயலுக்குக் கூடுதல் உணவு போட்டார்கள். இன்னோரிடத்தில் மின்வேலி கட்டி, வேட்டை விலங்குகள் உள்ளே வராமல் தடுத்தார்கள். மற்றோரிடத்தில் இரண்டையும் செய்தார்கள். வேலி மட்டும் போட்ட இடத்தில் முயல்கள் இரு மடங்கு, உணவு மட்டும் தந்த இடத்தில் மூன்று மடங்கு. இரண்டும் சேர்ந்த இடத்தில் பதினோரு மடங்கு! இரண்டு காரணங்களும் ஒன்றையொன்று பலமாக்குகின்றன. பசித்த முயல் உணவு தேடி வெளியே வந்தால் வாயில் அகப்படுகிறது. காட்டுக்குள்ளேயே பரிசோதனை நடத்தியதால்தான் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது.

ஓ டீர் விளையாட்டில் ஒரு பொய்யும் இருக்கிறது. பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்கும்படி ஆசிரியர் தூண்டினால் அந்த வகுப்பு இன்னும் உயரத்துக்குப் போய்விடும். செத்த மான் அடுத்த சுற்றிலேயே புல்லாக முளைத்துவிடுகிறது அல்லவா? உண்மையில் மண் அவ்வளவு சீக்கிரம் தேறுவதில்லை.

பெரிங் கடலில் செயின்ட் மேத்யூ என்று ஒரு தீவு. இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், அங்கிருந்த அமெரிக்கக் கடலோரக் காவல் படையினருக்கு அவசரத்தில் உணவாகட்டும் என்று 29 ரெயின்டீர் மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். போர் முடிந்து ஆட்கள் போய்விட்டார்கள், மான்கள் தங்கிவிட்டன. தீவில் ஓநாய் இல்லை. லைக்கன் என்னும் உயிரினம், பாசியும் பூஞ்சையும் கூடி வாழ்வது, தரையெங்கும் மெத்தையாகக் கிடந்தது. 1957இல் டேவிட் கிளைன் என்ற விலங்கியலாளர் எண்ணியபோது 1,350. 1963இல் 6,000. அடுத்து வந்த குளிர்காலம் கடுமையானது. 1966இல் அவர் திரும்பிப் போனபோது உயிரோடு இருந்தவை 42. தரையெங்கும் எலும்புகள். கொழுத்த கூட்டம் லைக்கனை அடியோடு மேய்ந்து தீர்த்திருந்தது, அது மீண்டும் படர்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். மிஞ்சியவையும் பின்னாளில் அற்றுப்போயின.

இதை மைதானத்தில் ஆடிக் காட்ட ஒரே ஒரு விதியை மாற்றினால் போதும். செத்த மான் உடனே புல்லாகாமல் இரண்டு சுற்று ஓரமாக உட்கார வேண்டும். அதே எண்களோடு தொடங்குவோம். இரண்டாம் சுற்றின் முடிவில் 28 மான்கள், ஆனால் காட்டில் ஆறு பேர்தான், மற்ற ஆறு பேர் ஓரத்தில். மூன்றாம் சுற்றில் அந்த ஆறு பேரும் பிடிபட்டால் மான்கள் பன்னிரண்டு, காடு பூஜ்யம். நான்காம் சுற்றில் ஓடிப்போய்ப் பிடிக்க எதிர்ப்பக்கம் ஆளே இல்லை. ஏறி இறங்கிக்கொண்டிருந்த கூட்டம் அடியோடு அழிந்துவிட்டது. மான்கள் அதே மான்கள், காடு அதே காடு, தாமதம் மட்டும்தான் கூடியது. ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் ஓரத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்துவிட்டால், ‘தாமதமான பின்னூட்டம் அமைப்பை நிலைகுலையச் செய்யும்’ என்ற வாக்கியத்தை அவளுக்கு யாரும் எழுதிப்போட வேண்டியதில்லை. அவளே எழுதுவாள்.

விளையாட்டு சொல்லித் தருவது அதன் விதிகள் வழியாகத்தான் என்பதே நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புவது. பரமபத அட்டையில் பாம்புக்குப் பதில் புகைபோக்கியும் ஏணிக்குப் பதில் மரக்கன்றும் வரைந்து ‘காலநிலை விளையாட்டு’ என்று பெயர் வைத்தால், படம் எதைச் சொன்னாலும் விதி சொல்வது ஒன்றுதான்: எல்லாம் தாயக்கட்டையின் கையில். பிள்ளை அதைத்தான் கற்றுக்கொள்ளும். கேள்விக்கு விடை சொன்னால் ஒரு கட்டம் முன்னேறலாம் என்னும் விளையாட்டுகள் பரீட்சையின் இன்னொரு வடிவம். அவற்றால் பெயர்கள் மனப்பாடமாகும். பெயர்களைக் கற்பதும் வீணல்ல. கேம்பிரிட்ஜ் விலங்கியலாளர் ஆண்ட்ரூ பால்ம்ஃபோர்டும் அவருடைய கூட்டாளிகளும் 2002இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள்: எட்டு வயது பிரிட்டிஷ் பிள்ளைகள் போகிமான் அட்டைப் பாத்திரங்களில் ஏறக்குறைய நூற்றுக்கு எண்பதை அடையாளம் சொன்னார்கள், தங்கள் நாட்டு உயிரினங்களில் பாதியைக்கூடச் சொல்ல முடியவில்லை. உயிரினங்களை இனம்பிரித்து நினைவில் வைக்கும் திறமை பிள்ளைகளிடம் ஏராளமாக இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். அதைப் படித்த கனடா உயிரியலாளர் டேவிட் எங், உண்மை உயிரினங்களைக் கொண்டே ‘ஃபைலோ’ என்ற அட்டை விளையாட்டைத் தொடங்கினார். அதிலும் உயிர் இருப்பது விதியில்தான். தாவர அட்டை இல்லாமல் தழையுண்ணி அட்டையை வைக்க முடியாது, தட்பவெப்பம் பொருந்தாத இடத்தில் எதையும் வைக்க முடியாது.

மானுக்குத் தெரியாமல் நடப்பது மனிதருக்குத் தெரிந்தே நடக்குமா? ‘வளர்ச்சிக்கு எல்லைகள்’ என்னும் 1972ஆம் ஆண்டு நூலை எழுதியவர்களில் ஒருவரான டென்னிஸ் மெடோஸ் உருவாக்கிய ‘ஃபிஷ் பேங்க்ஸ்’ விளையாட்டு இதைத்தான் சோதிக்கிறது. மாணவர்கள் குழு குழுவாக மீன்பிடி நிறுவனங்கள் நடத்துகிறார்கள். ஆண்டுக்கு எத்தனை கப்பல் வாங்குவது, ஆழ்கடலுக்கு அனுப்புவதா கரையோரத்துக்கா என்று முடிவெடுக்க வேண்டும். முதல் சில ஆண்டுகள் லாபம் கொட்டும், கப்பல்கள் பெருகும். கடலில் மீன் குறையத் தொடங்கியபின்னும் கூடுதல் கப்பல்கள் அதை மறைத்துவிடும், ஏனென்றால் மொத்தப் பிடிப்பு உடனே குறைவதில்லை. குறையும்போது கடல் காலியாகியிருக்கும். பெரும்பாலான ஆட்டங்கள் இப்படித்தான் முடிகின்றன.

நியூஃபவுண்ட்லாந்தில் இது நிஜமாகவே நடந்தது. 1968இல் சுமார் எட்டு லட்சம் டன் காட் மீன் அள்ளிய கடலில், 1992 ஜூலையில் கனடா அரசு மீன்பிடிப்பை அடியோடு நிறுத்த வேண்டி வந்தது. ஏறக்குறைய 30,000 பேர் ஒரே அடியில் வேலை இழந்தார்கள். அந்தத் தடையை அரசு நீக்கியது 2024இல். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாள் தடைக்காலம், மீன் குஞ்சு பொரிக்க அவகாசம் தரும் விதி. பாம்பனிலோ நாகப்பட்டினத்திலோ இருக்கும் ஒரு பள்ளியில் இந்த விளையாட்டை ஆடினால், அந்த விதியைச் சேர்த்து ஒருமுறை, சேர்க்காமல் ஒருமுறை என்று ஆடிப் பார்க்கலாம். வீட்டில் அப்பா கரையில் வலை பின்னிக்கொண்டு இருக்கும் மாதங்களின் பொருள் பிள்ளைகளுக்கு வேறு மாதிரி விளங்கும்.

பொதுச் சொத்தைச் சுரண்டுவது மனித இயல்பு, மாற்ற முடியாது என்ற எண்ணத்தோடு பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அது உண்மையும் அல்ல. 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், இதே மாதிரியான பொதுவள விளையாட்டுகளை ஆய்வுக்கூடத்தில் நடத்திப் பார்த்தவர். ஆடுபவர்கள் ஒருவரோடொருவர் பேசக் கூடாது என்றால் வளம் சீரழிந்தது. முகம் பார்த்துப் பேசலாம் என்று ஒரே ஒரு விதியைத் தளர்த்தியதும், தண்டிக்க யாரும் இல்லாமலே, எல்லோருடைய வருமானமும் பெருமளவு உயர்ந்தது. விளையாட்டு இங்கே கற்பிக்கும் கருவியாக மட்டுமல்லாமல் அறிவியல் சோதனையாகவே ஆகிவிடுகிறது.

காலநிலைக்கு வருவோம். 2020இல் ஊரடங்கு. சாலைகள் வெறிச்சோடின, வானம் தெளிந்தது, பஞ்சாபின் ஜலந்தரிலிருந்து இமயத்தின் பனிச் சிகரங்கள் தெரிந்தன. அந்த ஆண்டு உலகம் வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தது. ஆனால் ஹவாயில் மௌனா லோவா மலைமேல் 1958 முதல் காற்றை அளந்துவரும் நிலையத்தில், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அந்த ஆண்டும் உயர்ந்தது. எப்படி?

வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே குழாயிலிருந்து தண்ணீர் விழுகிறது, கீழே ஒரு குழாய் வழியே வெளியேறுகிறது. மேலே விழுவது வரத்து, கீழே போவது போக்கு, தொட்டியில் நிற்பது இருப்பு. வரத்து போக்கைவிட அதிகமாக இருக்கும்வரை மட்டம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். மேல்குழாயைக் கொஞ்சம் திருகிக் குறைத்தால் ஏறும் வேகம் குறையும், மட்டம் இறங்காது. நாம் ஆண்டுக்கு வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு சுமார் 4,000 கோடி டன். கடலும் காடும் மண்ணும் சேர்ந்து எடுத்துக்கொள்வது அதில் ஏறக்குறைய பாதி. ஊரடங்கில் குறைந்ததோ நூற்றுக்கு ஐந்து. வரத்து இன்னும் போக்கைவிட மிக அதிகம், ஆகவே மட்டம் ஏறியது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளில் 280 ஆக இருந்தது இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

சொல்லிவிட்டால் எளிதாகத் தோன்றுகிறது. ஜான் ஸ்டெர்மன், லிண்டா பூத் ஸ்வீனி இருவரும் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பட்டமேற்படிப்பு மாணவர்களிடம் இதையே கேட்டார்கள். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மெல்ல ஏறி 400இல் நிலைத்து நிற்க வேண்டுமென்றால் வெளியீடு எப்படி இருக்க வேண்டும், வரைந்து காட்டுங்கள். ஐந்தில் மூன்று பேர் அறிவியலோ பொறியியலோ கணிதமோ படித்தவர்கள். ஆனாலும் நூற்றுக்கு 84 பேர் வரைந்தது வரத்து–போக்குக் கணக்குக்கே ஒவ்வாத கோடு. இருப்பு நிலைக்க வரத்தும் நிலைத்தால் போதும் என்று நினைத்துவிட்டார்கள். வரத்து போக்கின் அளவுக்கு இறங்கியாக வேண்டும் என்பது தோன்றவில்லை. 2007இல் வெளியான ஆய்வு இது. நல்ல பள்ளி, நல்ல மதிப்பெண், நல்ல ஆசிரியர் எல்லாம் இருந்தும் இந்த ஒரு கருத்து மனத்தில் இறங்குவதில்லை என்றால், கற்பிக்கும் வழியைத்தான் மாற்ற வேண்டும்.

ஸ்டெர்மனும் ‘கிளைமேட் இன்டராக்டிவ்’ அமைப்பும் அதற்குச் செய்ததுதான் ‘வேர்ல்ட் கிளைமேட்’ என்னும் பேச்சுவார்த்தை விளையாட்டு. மாணவர்கள் நாட்டுக் குழுக்களின் பிரதிநிதிகளாகிறார்கள். பணக்கார நாடுகளுக்கு நாற்காலி, மேசை, தின்பண்டம். மிக ஏழை நாடுகளும் தீவு நாடுகளும் தரையில் உட்கார வேண்டும். ஒவ்வொரு குழுவும் எந்த ஆண்டு முதல் எவ்வளவு குறைப்போம் என்று வாக்குக் கொடுக்கும். அதை ‘சி-ரோட்ஸ்’ என்ற கணினி மாதிரியில் இட்டால் 2100இல் வெப்பநிலை எங்கே போகும் என்று திரையில் தெரியும். தாராளமாக வாக்குக் கொடுத்துவிட்டதாக நினைத்த அறை, முதல் சுற்றில் கோடு இன்னும் மேலே போவதைப் பார்த்துத் திகைத்துப்போகும். நடத்துபவர் நீல நிறத் தார்ப்பாய் ஒன்றை எடுத்துத் தரையில் இருப்பவர்களின் தலைக்கு மேல் விரித்துப் போர்த்துவார். அதுதான் கடல் மட்டம். பிறகு மீண்டும் பேச்சுவார்த்தை.

இதனால் பலன் உண்டா என்று ஜூலியட் ரூனி-வர்காவும் அவருடைய குழுவும் எட்டு நாடுகளில் 39 அமர்வுகளில் 2,042 பேரிடம் முன்னும் பின்னும் கேள்வித்தாள் கொடுத்துப் பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 81 பேர் காலநிலைக்காக ஏதாவது செய்யும் ஊக்கம் கூடியதாகச் சொன்னார்கள். அறிவும் கூடியது, அவசர உணர்வும் கூடியது. ஆனால் மேலும் படிக்க வேண்டும், ஏதாவது செய்ய வேண்டும் என்ற விருப்பம் யாரிடம் அதிகமாக வளர்ந்தது என்று பார்த்தபோது, அது அவசர உணர்வு கூடியதோடு சேர்ந்து போனது, அறிவு கூடியதோடு அல்ல. தகவலைக் கொட்டிக் கொடுத்தால் மனிதர் மாறிவிடுவார் என்ற நம்பிக்கையில் நடக்கும் நம் சுற்றுச்சூழல் பாடங்கள் அனைத்தும் யோசிக்க வேண்டிய இடம் இது.

அதே தொட்டிக் கணக்கைப் பெட்டி விளையாட்டாகவும் செய்திருக்கிறார்கள். மாட் லீகாக், மத்தேயோ மெனபாசே இருவரும் 2023இல் வெளியிட்ட ‘டேபிரேக்’கில், ஆடுபவர்கள் எல்லோரும் ஒரே பக்கம். ஒவ்வொரு சுற்றிலும் வெளியீட்டுக் கட்டைகளை எடுத்து முதலில் மரங்களிலும் கடல்களிலும் வைக்க வேண்டும். அங்கே இடம் போதாமல் மிஞ்சியவை வெப்பமானியில் ஏறும். உறிஞ்சப்படுவது வெளியீட்டை எட்டிப் பிடித்தால்தான் வெற்றிக்கு வழி.

எந்த விளையாட்டானாலும் ஆடி முடித்ததும் மணியடித்து வகுப்பைக் கலைத்துவிட்டால் பாதி வீண். என்ன நடந்தது, ஏன் நடந்தது, எந்த விதி உண்மைக்கு நெருக்கம், எது தூரம் என்று உட்கார்ந்து அலசும் நேரம்தான் விளையாட்டைப் பாடமாக்குகிறது. ஆடியதற்குச் சமமான நேரத்தையாவது அதற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த அலசலில் பிள்ளைகள் விதியைக் குறை சொல்லத் தொடங்கினால் மகிழ வேண்டும்.

முதுமலையைச் சுற்றியுள்ள பள்ளிகளுக்கு ஓ டீரில் ஒரு விதியைச் சேர்க்கலாம். அங்கே உண்ணிச்செடி பரவிப் புல்தரையை மூடிவருகிறது. புள்ளிமானுக்கு மேய்ச்சல் குறைகிறது. ஒவ்வொரு சுற்றிலும் காட்டுப் பிள்ளைகளில் ஒருவர் உண்ணிச்செடியாகிவிட வேண்டும். அவர் கோட்டில் நிற்பார், காடு அடர்த்தியாகவே தெரியும், ஆனால் எந்த மானும் அவரைப் பிடிக்க முடியாது. எந்தச் சுற்றில் மான்களின் உச்சம் தாழத் தொடங்குகிறது என்று பலகையில் குறியுங்கள். பிறகு இரண்டு பிள்ளைகளை வனத்துறைப் பணியாளராக்கி, சுற்றுக்கு ஓர் உண்ணிச்செடியைப் பிடுங்க விடுங்கள். முதல் சுற்றிலேயே பிடுங்கத் தொடங்கிய ஆட்டத்தையும் எட்டாம் சுற்றில் தொடங்கிய ஆட்டத்தையும் ஒரே பலகையில் இரண்டு நிறச் சாக்கட்டியால் வரைந்து பார்க்கலாம்.